ஒரு கன்னியர் மடத்து வேண்டுகோளும் ஒரு துணிக்கடையின் பெயரும்
பார்பரா சன்சோனியும் ‘பெயார்ஃபுட்’டும்: ஒரு வரலாற்றுப் பார்வை

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் அதிபர்களின் வரலாறு இருக்கிறது. கட்டடங்களின் வரலாறும் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் வரலாறும் இருக்கின்றன. தையல் அறைக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு பக்கம் ஒதுக்கியதில்லை. மட்டக்குளியில் வளர்ந்த எங்களில் பலருக்கு முதல் வருமானத்தைத் தந்தது அந்த அறையில் கற்ற கைவேலைதான். திருமணத்துக்குப் பின் வீட்டிலிருந்தபடியே சட்டை தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எங்களிடையே உண்டு. கார்மென்ட் தொழிற்சாலையில் மெஷின் மிதித்துத் தம்பி தங்கையரைக் கரை சேர்த்தவர்களும், புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் மணப்பெண்ணுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஆகவே ஊசியும் நூலும் ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டு செல்லக்கூடும் என்ற கேள்வியோடு, எமது அயலிலேயே ஒரு வேர் கொண்டுள்ள வரலாறொன்றை இங்கே எழுத விரும்புகிறோம்.

அது பார்பரா சன்சோனி என்ற ஓவியர் ‘பெயார்ஃபுட்’ என்ற பெயரை உலகறியச் செய்த வரலாறு.

ஊசி கற்பித்த காலம்

எமது தாய்மாரின் காலத்தில் பெண்பிள்ளைகளின் பாடசாலை என்றால் தையல் கட்டாயம் இருக்கும். ஓடு தையல், சங்கிலித் தையல், குறுக்குத் தையல், பட்டன் ஓட்டை என்று ஒவ்வொன்றையும் சிறு வெள்ளைத் துணியில் தைத்து அப்பியாசக் கொப்பியில் ஒட்டிவைப்போம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் ரீச்சர் புள்ளி போடுவார். முன்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம்; முடிச்சும் இழுப்பும் தெரிவது பின்பக்கத்தில் அல்லவா?

இலங்கையின் கத்தோலிக்கக் கன்னியர் மடங்களில் இந்தக் கல்விக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. வீட்டிலும் வெளியிலும் ஆதரவற்ற பெண்கள் தம் கையை நம்பி வாழ வழி செய்வதே அந்த நோக்கம். எமது பக்கத்தில் கொட்டாஞ்சேனையில் உள்ள நல்லாயன் கன்னியர் மடம் 1869இல் தொடங்கியது. நல்லாயன் சபை 1835இல் பிரான்சின் ஆஞ்ஜே நகரில் புனித மரிய யூப்ரேசியாவால் நிறுவப்பட்டது. கைவிடப்பட்ட பெண்களையும் சிறுமியரையும் அரவணைப்பதே அதன் முதற்பணி. அந்தச் சபை போன இடமெல்லாம் ஒரு வகுப்பறையோடு ஒரு கைவேலை அறையும் சேர்ந்தே போனது.

கைவேலை அறைகளுக்கு ஒரு பொதுவான குறையும் இருந்தது. வேலை சுத்தமாக இருக்கும்; ஆனால் வாங்குகிறவர் இரக்கத்தினால்தான் வாங்குவார். திருநாள் சந்தையில் ஒரு மேசைவிரிப்பை வாங்கி, வீட்டுக்குப் போய் அலுமாரியில் மடித்து வைத்துவிடுவார். தானமாக வாங்கப்படும் பொருளுக்கு இரண்டாவது முறை வாடிக்கையாளர் கிடைப்பது கடினம். அதைச் செய்த பெண்ணுக்கும் தன் வேலைக்கு உரிய விலை எது என்று ஒருபோதும் தெரியவராது.

நகரத்தின் துணி

கொழும்பில் துணியின் வரலாற்றைப் பேசும்போது வெள்ளவத்தையைத் தவிர்க்க முடியாது. இன்று வெள்ளவத்தை என்றால் சேலைக்கடை, பிளவுஸ் தையல், முகூர்த்தப் பட்டு என்றுதான் எமக்கு நினைவு வரும். ஆனால் அங்கு பெரியதொரு நூற்பு நெசவாலை இருந்தது. வெள்ளவத்தை நெசவாலையின் தொழிலாளரில் பெருந்தொகையினர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் பேசப்படுவது. அதில் முன்நின்ற கொல்வின் ஆர். டி சில்வா, இரண்டு ஆண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

ஆலைத்துணி ஒரு பக்கம் இருக்க, கைத்தறி வேறு பாதையில் நடந்தது. கிழக்கில் மருதமுனைத் தறிகள், கண்டிப் பக்கத்தில் தும்பறை நெசவு என்று ஊருக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. 1960களில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி குறைந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது இந்தியச் சேலைகள் அரிதாகின. உள்ளூர்த் தறிக்கு மதிப்புக் கூடியது. எமது அம்மாமாரின் பெட்டிகளில் அந்தக் காலத்து உள்ளூர்க் கைத்தறிச் சேலை ஒன்றாவது இருப்பதற்கு இதுதான் காரணம். தரம் நன்றாகவே இருந்தது. நிறம்தான் பெரும்பாலும் அடக்கமாகவும் ஒரே மாதிரியாகவும் இருந்தது. பார்பரா சன்சோனி வந்தது இந்த நேரத்தில்தான்.

ஓவியர் ஒருவர் தறியின் முன்

பார்பரா 1928இல் கண்டியில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார். பாடசாலைப் படிப்பின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டின் கொடைக்கானலில் பிரசன்டேஷன் கொன்வென்டில் பெற்றார். அவரும் ஒரு கொன்வென்ட் மாணவிதான் என்பதை எமது வாசகியர் கவனிப்பார்கள். பின்பு லண்டனில் ஓவியம் பயின்றார். நாடு திரும்பியபின் பழைய வீடுகள், விகாரைகள், அம்பலங்கள், தேவாலயங்கள் என்று அழிந்துகொண்டிருந்த கட்டடங்களைத் தேடிப்போய்க் கோட்டோவியமாக வரைந்தார். அந்த வரைபடங்கள் முதலில் பத்திரிகையிலும் பின்பு நூலாகவும் வெளிவந்தன. நெசவு அவர் படித்த தொழில் அல்ல.

அவரைத் தறியிடம் அழைத்துச் சென்றவர் ஒரு கன்னியாஸ்திரி. நல்லாயன் சபையின் பொறுப்பில் இருந்த அயர்லாந்துக்காரரான மதர் குட் கவுன்சில், தமது பராமரிப்பில் இருந்த பெண்களின் நெசவுக்கு வடிவமைப்பில் உதவும்படி பார்பராவிடம் கேட்டார். மதரிடம் தறி இருந்தது, நெய்யத் தெரிந்த கைகள் இருந்தன, வேலை தேவைப்பட்ட பெண்களும் இருந்தார்கள். மக்கள் விரும்பி வாங்கும்படியான துணிதான் இன்னும் கிடைக்கவில்லை. இரக்கத்தால் விற்கும் துணிக்கும் அழகால் விற்கும் துணிக்கும் உள்ள இடைவெளியை அந்த அருட்சகோதரி சரியாக அளந்திருந்தார். அதை அடைக்க அவர் இன்னொரு தையல் ரீச்சரைத் தேடாமல் ஓர் ஓவியரைத் தேடியதுதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று நாம் கருதுகிறோம். அங்கே முளைத்த வேலையே வளர்ந்து, 1964இல் தொடங்கிய ‘பெயார்ஃபுட்’ ஆயிற்று.

நிறத்தை எண்ணி நெய்தல்

பார்பரா செய்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ளத் தறியைச் சற்றுப் பார்க்க வேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு. குறுக்கே நாடாவோடு ஓடும் நூல் ஊடை. சாதாரணத் தறியில் பூவும் மாங்காயும் யாளியும் போடுவதென்றால் கூடுதல் அமைப்புகளும் பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். ஆனால் கோடும் கட்டமும் போட அவை எதுவும் தேவையில்லை. பாவில் எந்த நிறத்தில் எத்தனை இழை, அதற்கு அடுத்து எந்த நிறத்தில் எத்தனை இழை என்று எண்ணி வைத்தால் கோடு வரும். ஊடையிலும் அதே கணக்கை ஓட்டினால் கட்டம் வரும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிவப்புப் பாவில் நீல ஊடை போனால் துணி முழுச் சிவப்பாகவும் இராது, முழு நீலமாகவும் இராது. தூரத்தில் ஊதாவாகத் தெரியும். மடிப்பில் இரண்டும் மாறிமாறி மின்னும். மயில்கழுத்துச் சேலை கட்டிய எவருக்கும் இது தெரிந்த விடயம். ஆகவே பத்து நிறங்களில் நூல் சாயமிட்டு வைத்திருப்பவரிடம் பத்து நிறத் துணி மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு நிறமும் மற்றொன்றைக் கடக்கும்போது புதிதாக ஒன்று பிறக்கிறது.

கட்டமைப்பில் எளிய தறி, அதில் வேலை கற்றுக்கொண்டிருக்கும் பெண்கள், நிறத்தை அறிந்த ஓர் ஓவியக் கண் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பொருந்தின. கடினமான வடிவங்களை நெய்யும்படி கேட்டிருந்தால் புதிதாகக் கற்கும் பெண்கள் தோற்றுப்போயிருப்பார்கள். நிறத்தின் வரிசையில் கவனம் வைத்தபடியால், நேராக நெய்யத் தெரிந்த ஒரு பெண் உலகத்தரமான துணியைத் தரமுடிந்தது. செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் கடும் ரோஸ், பச்சைக்குப் பக்கத்தில் ஊதா என்று, ‘ஒன்றுக்கொன்று ஒத்துவராது’ என எமக்கு வீட்டில் சொல்லித்தந்த நிறங்கள் பெயார்ஃபுட் துணியில் அடுத்தடுத்து வந்து இருந்தன. எமது ஊரில் இவை புதியவையும் அல்ல. தேர்ச்சீலையிலும், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளின் தோரணத்திலும், சந்தையில் குவித்த மிளகாய்க்கும் எலுமிச்சைக்கும் இடையிலும் நாம் பார்த்தவைதான். அவற்றை உடுப்பாக உடுக்கலாம் என்று எண்ணிப் பார்க்காமல் இருந்தோம், அவ்வளவுதான்.

தோழமையும் காலமும்

ஒரு பெயர் எழுவதற்குத் திறமை மட்டும் போதாது. காலமும் கூட இருப்பவர்களும் வாய்க்க வேண்டும். ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞரைச் சுற்றி அன்று கொழும்பில் ஒரு குழு இருந்தது. ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனநாயக்க, பத்திக் துணியில் புதுமை செய்த ஈனா டி சில்வா, எமது பார்பரா ஆகியோர் அந்த வட்டத்தினர். 1966இல் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டுக் கடற்கரைகளில் விடுதிகள் எழத் தொடங்கின. பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரையை ஈனாவின் பத்திக் அலங்கரித்தது. அறைகளுக்குப் பார்பராவின் கைத்தறி வந்தது. மேசை, கதிரை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப் பணமில்லாத காலம் அது. அந்தத் தட்டுப்பாடே உள்ளூர்க் கைகளுக்குக் கதவைத் திறந்தது.

ஈனா டி சில்வா (1922–2015) பற்றி இங்கே இரண்டு வரி சொல்லாமல் போகமுடியாது. தமது வீட்டையே பத்திக் வேலைத்தளமாக்கிய அவர், பிற்காலத்தில் மாத்தளை அலுவிகாரையில் தமது குடும்ப ஊருக்குத் திரும்பி அங்குள்ள பெண்களுக்குப் பத்திக்கும் ஊசிவேலையும் கற்பித்து வேலை கொடுத்தார். இரண்டு பெண்களும் வெவ்வேறு வழியில் சென்றாலும், உடுப்பைப் பற்றி எண்ணும்போது கிராமத்துப் பெண்ணின் வருமானத்தையும் சேர்த்தே எண்ணினார்கள்.

இது எமது தீவுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. சென்னையில் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரா 1930களிலேயே நெசவுப் பிரிவொன்றைத் தொடங்கிப் பழைய கரைகளுக்கு உயிர் கொடுத்தது. ‘கலாக்ஷேத்திரா சேலை’ என்று நாம் இன்றும் கேட்டு வாங்குவது அதன் பயன். பின்லாந்தில் ஆர்மி ராட்டியா என்ற பெண் 1951இல் தொடங்கிய மரிமெக்கோ, பளிச்சென்ற நிறங்களால் உலகப் புகழ் பெற்றது. தில்லியில் 1960இல் ஃபேப்இந்தியா தோன்றியது. கைத்தொழிலை மியூசியத்தில் வைக்காமல் அன்றாட உடுப்பாக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் பல ஊர்களிலும் எழுந்திருந்தது.

1977 என்ற புயல்

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் துணி கடைகளை நிரப்பியது. நைலெக்ஸ், ஜப்பான் சேலை, மலிவான இந்தியத் துணி என்று வந்து குவிந்தபோது எமது குடும்பங்களில் மகிழ்ச்சிதான்; அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியின் மறுபக்கத்தில் நாடெங்கும் கைத்தறிகள் நின்றுபோயின. பாதுகாப்புச் சுவர் இருந்தபோது விற்றதெல்லாம் அந்தச் சுவர் விழுந்தபின் விற்கவில்லை. வேலை இழந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

பெயார்ஃபுட் நின்றது. ஏன் நின்றது என்பது படிக்கவேண்டிய பாடம். மலிவு விலைக்குத் துணி விற்றவர்களால் ஆலையோடு போட்டியிட முடியாது. ஒரு கைத்தறி நாளொன்றுக்கு நெய்வதை விசைத்தறி மிகக் குறைந்த நேரத்தில் நெய்துவிடும். பெயார்ஃபுட் விற்றதோ வேறெங்கும் கிடைக்காத நிறச் சேர்க்கையை. அதைத் துணியாக மட்டும் விற்காமல் சாரம், சேலை, சட்டை, பை, மெத்தையுறை, துணியானை, பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள் என்று பலவாக மாற்றியது. வெட்டியபின் எஞ்சும் சிறு துண்டும் பொம்மையின் காதாகவோ வாலாகவோ பயன்பட்டது. காலி வீதியில் கொழும்பு 3இல் இருக்கும் கடையோடு புத்தகசாலையும் ஓவியக் கூடமும் முற்றத்து உணவகமும் சேர்ந்தன. வாங்க வந்தவர் தங்கிப் பார்க்கவும் பேசவும் ஓர் இடம் கிடைத்தது. பின்பு மகன் டொமினிக் சன்சோனி, அவரும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர், அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

விலையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மட்டக்குளிக் குடும்பமொன்று மாதச் சம்பளத்தில் சாதாரணமாக வாங்கும் துணி அல்ல அது. எங்களில் பலர் அந்தக் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு சிறு பையோடு திரும்பியவர்கள்தான். ஆனால் கையால் சாயமிட்டு, கையால் நெய்து, கையால் தைத்த ஒன்று மலிவாகக் கிடைக்குமானால், அந்த மலிவு யாரோ ஒரு பெண்ணின் கூலியிலிருந்துதான் வெட்டப்பட்டிருக்கும். தையல் கூலிக்குப் பேரம் பேசப்பட்ட அனுபவம் உள்ள எமது சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு பாதை: மெஷின் வரிசை

அதே திறந்த பொருளாதாரம் எமது பகுதிப் பெண்களுக்கு வேறொரு கதவைத் திறந்தது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் கொழும்பைச் சுற்றிலும் பின்பு கிராமங்களிலும் எழுந்தன. அங்கே ஒரு பெண் முழுச் சட்டையைத் தைப்பதில்லை. ஒருத்தி கொலர், ஒருத்தி கை, ஒருத்தி பொக்கெட் என்று வரிசையாகப் பிரித்து, மணிக்கு இத்தனை துண்டு என்று இலக்கு வைக்கப்படும். தைத்த உடுப்பில் வெளிநாட்டு நிறுவனமொன்றின் பெயர் இருக்கும். ‘மேட் இன் ஸ்ரீலங்கா’ என்ற சின்ன எழுத்து மட்டும் எங்களைக் குறிக்கும்.

அந்த ஏற்றுமதித் தொழிலின் மிச்சத்திலிருந்தே இன்னொரு பெண் இன்னொரு பெயரை எழுப்பினார். ஒட்டாரா குணவர்தன, ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளைக் காரில் வைத்து விற்கத் தொடங்கி, 1989இல் ‘ஓடெல்’லை நிறுவினார். 2010இல் அது கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. 2014இல் வேறொரு குழுமத்தின் கைக்குச் சென்றது. பார்பரா தறியிலிருந்து தொடங்கினார், ஒட்டாரா சந்தையிலிருந்து தொடங்கினார். இன்று 2003 முதல் நடக்கும் கொழும்பு ஃபேஷன் வீக்கில் மேடையேறும் இளம் வடிவமைப்பாளர்கள் இந்த இரண்டு பாதைகளையும் அறிந்தவர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது.

லேபலில் யார் பெயர்?

பார்பரா சன்சோனி 2022இல் தமது 94ஆவது வயதில் காலமானார். அவரைப் பற்றிய அஞ்சலிகளில் நிறங்களே முதலில் பேசப்பட்டன. நாம் இன்னொன்றையும் நினைக்கிறோம். ஒரு லேபலில் ஒரு பெயர்தான் இருக்க முடியும். ஆனால் நூலைச் சாயமிட்டவள், பாவு ஓட்டியவள், நாடா எறிந்தவள், வெட்டியவள், தைத்தவள், பின்பக்கத்து முடிச்சைச் சரிபார்த்தவள் என்று அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. பெயார்ஃபுட்டின் சிறப்பு, அந்த வரிசை இருப்பதை மறைக்காமல், கைநெசவு என்பதையே தன் பெருமையாகச் சொன்னது. அதன் நெசவாளர்கள் பெண்கள் என்பதையும் உலகம் அறிந்தது. அவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றையும் யாரும் எழுதி வைக்கவில்லை என்பது, எமது நாட்டின் கைத்தொழில் வரலாறு முழுவதற்கும் உள்ள குறை.

எமது பாடசாலைக்கும் அந்தக் குறை உண்டு. நூறு ஆண்டுகளில் இந்தத் தையல் அறையிலிருந்து எத்தனை பேர் சம்பாதிக்கப் போனார்கள்? யார் எந்தக் கடைக்குத் தைத்தார்கள்? முதற்பரிசளிப்பு விழாவுக்குத் திரைச்சீலை தைத்தவர் யார்? பழைய மாணவிகள் சங்கம் இந்த நூற்றாண்டு ஆண்டில் அவற்றைத் திரட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் அந்தத் தையல் கொப்பி ஒன்று இன்னும் இருந்தால், அம்மாவினதோ அம்மம்மாவினதோ, அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படமெடுத்தாவது எமக்கு அனுப்புங்கள்.

இன்று எமது பாடசாலையில் படிக்கும் தங்கைமார் யாராவது ‘நான் உடுப்பு வடிவமைக்கப் படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால், ‘தையல்காரியாகவா போகிறாய்?’ என்று கேட்கும் வீடுகள் இன்னமும் உண்டு. அந்தக் கேள்விக்கு இந்த வரலாறு பதில் சொல்லும். கொட்டாஞ்சேனையில் வேரூன்றிய ஒரு சபையின் அருட்சகோதரி, ஆதரவற்ற பெண்களின் கைவேலைக்கு இரக்கம் போதாது, அழகும் நியாயமான விலையும் வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த முடிவிலிருந்து உலகறிந்த ஒரு பெயர் எழுந்தது. தையல்காரியாகப் போகும் பிள்ளை தலைநிமிர்ந்தே போகட்டும். அவளது முதல் துணிக்கு முதல் வாடிக்கையாளராக, பேரம் பேசாமல், அவளுடைய அக்காமாராகிய நாம் நிற்போம்.